மண்டியிட்ட பெற்றோர்: கேத்தே கோல்விட்ஸின் போர் நினைவுச்சின்னம்

பெல்ஜியத்தின் மேற்கே, ஃபிளாண்டர்ஸ் சமவெளியில், விளாட்ஸ்லோ என்னும் சிற்றூருக்கு அருகே ஜெர்மானியப் போர்வீரர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. ஓக் மரங்களின் நிழலில், புல்தரையோடு தரையாகப் பதிக்கப்பட்ட தட்டைக் கற்கள் வரிசை வரிசையாகச் செல்கின்றன. கல்லுக்கு இருபது பெயர்கள். முதல் உலகப் போரில் மாண்ட 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே கிடக்கிறார்கள். தோட்டத்தின் கோடியில் இரண்டு கல்லுருவங்கள் தனித்தனிப் பீடங்களில் மண்டியிட்டிருக்கின்றன. ஒன்று ஆண், மற்றொன்று பெண். ஆண் முதுகை வளைக்காமல் நிமிர்ந்திருக்கிறார். இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டி, தம் உடலைத் தாமே இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பிடியைத் தளர்த்தினால் சரிந்துவிடுவார் என்று தோன்றுகிறது. பெண் போர்வைக்குள் சுருண்டு, தலை தாழ்ந்து, முன்னோக்கிக் குனிந்திருக்கிறார். இருவருக்கும் இடையே ஒரு வெளி. ஒருவர் துயரத்தை மற்றவரால் எட்டித் தொட இயலாத தொலைவு அது.

போர் நினைவுச்சின்னம் என்றதும் நம் மனக்கண்ணில் எழுகின்ற எதுவும் இங்கே இல்லை. வாள் இல்லை, குதிரை இல்லை, வெற்றித்தூண் இல்லை, வீழ்ந்தவனை ஏந்திச் செல்லும் தேவதை இல்லை. போர்வீரனே இல்லை. இருப்பவர்கள் வயது முதிர்ந்த இரு பெற்றோர். அவர்களுக்கு முன்னால் பதிந்திருக்கும் கற்களுள் ஒன்றில், மற்றப் பெயர்களோடு ஒரு பெயராக, பீட்டர் கோல்விட்ஸ் என்ற பெயரும் இருக்கிறது. கல்லாகி நிற்கும் அந்தத் தாய்க்கும் தந்தைக்கும் உள்ள முகங்கள் அவனுடைய தாயின், தந்தையின் முகங்கள். அவற்றை வடித்தவர் அந்தத் தாய்.

கேத்தே கோல்விட்ஸ் இச்சின்னத்துக்கு 1914 டிசம்பரில் வித்திட்டார். அது மண்ணில் நின்றது 1932 ஜூலையில். இடையில் கழிந்தவை ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள். அதாவது பீட்டர் உயிரோடிருந்த காலத்தின் அளவு. ஒரு தேர்ந்த கலைஞருக்கு இரண்டு உருவங்களைச் செய்ய ஏன் இத்தனை காலம் பிடித்தது என்னும் கேள்வியே இக்கட்டுரைக்குத் தூண்டுதல். கல்லின் கடினமோ பொருள் முட்டுப்பாடோ முதன்மையான காரணமல்ல. தொடங்கியபோது அவர் சொல்ல நினைத்தது ஒன்று. முடித்தபோது சொன்னது முற்றிலும் வேறொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு வந்துசேர அத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன.

*

கேத்தே 1867 ஜூலை 8 அன்று கிழக்குப் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் யூலியஸ் ரூப், அரசு ஆதரவு பெற்ற திருச்சபையிலிருந்து வெளியேற்றப்பட்டு, அந்நகரில் சுதந்திர சமயச் சபை ஒன்றை நிறுவியவர். தந்தை கார்ல் ஷ்மிட் சட்டம் படித்தவர். தம் அரசியல் நம்பிக்கைகளுக்கு அரசுப் பணி ஒவ்வாது என்று கருதி அதை விடுத்துக் கட்டடத் தொழிலை மேற்கொண்டவர். கடமை, ஒப்படைப்பு, தன்னலம் துறத்தல் ஆகிய சொற்கள் வெறும் சொற்களாக இல்லாத வீடு அது. பின்னாளில் நிகழ்ந்தவற்றைப் புரிந்துகொள்ள இப்பின்னணியை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். தியாகம் என்ற சொல்லின்மீது அவருக்கிருந்த பற்று, அரசு தந்த பாடத்தால் வந்ததன்று. குழந்தைப் பருவத்திலேயே ஊறியது.

1891இல் மருத்துவர் கார்ல் கோல்விட்ஸை மணந்து பெர்லினில் குடியேறினார். தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதியொன்றில் கணவர் தையல் தொழிலாளர்களின் நோய்க் காப்பீட்டு நிதிக்கான மருத்துவராகப் பணியாற்றினார். மருத்துவம் பார்க்க வந்த பெண்களின் முகங்களும் அவர்கள் வாயிலாக அறிந்த வறுமையும் கேத்தேயின் கலைக்குள் நுழைந்தன. மூத்தவன் ஹான்ஸ் 1892இலும் இளையவன் பீட்டர் 1896இலும் பிறந்தனர்.

அவருக்குப் பெயர் தேடித்தந்தது ‘நெசவாளர் எழுச்சி’ என்னும் அச்சோவியத் தொடர். 1844இல் சைலீசிய நெசவாளர்கள் நடத்திய கிளர்ச்சியை ஆதாரமாகக் கொண்டு கெர்ஹார்ட் ஹாப்ட்மன் எழுதிய நாடகத்தை 1893இல் பார்த்த பாதிப்பில் பிறந்தது அது. 1898இல் பெர்லின் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது, அதற்குப் பதக்கம் வழங்க வேண்டுமென்று முதுபெரும் ஓவியர் அடோல்ஃப் மென்செல் பரிந்துரைத்தார். பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் மறுத்துவிட்டார். ஆள்வோரின் பாராட்டைப் பெறாத கலைஞர் என்ற இடம் அப்போதே அவருக்கு உறுதியாகிவிட்டது.

அதுவரை அவர் செதுக்கு அச்சுக் கலைஞர். சிற்பத்தின் அடிப்படைகளை 1904இல் பாரிஸில் தங்கியிருந்தபோது கற்றார்; ரோதானின் பட்டறைக்கும் சென்றுவந்தார். ஆனால் களிமண் அவருக்குப் பழகிய ஊடகமாக ஆகிவிடவில்லை. ஐம்பதை நெருங்கும் வயதில் மகனுக்கான நினைவுச்சின்னத்தைத் தொடங்கியபோது ஏறத்தாழ மாணவியாகவே தொடங்கினார் என்று சொல்லலாம்.

இவ்விடத்தில் வேறொரு படைப்பையும் குறிப்பிட வேண்டும். 1903இல் ‘இறந்த குழந்தையுடன் பெண்’ என்ற அச்சோவியத்தைச் செய்தார். கண்ணாடி முன்னால் அமர்ந்து, ஏழு வயது பீட்டரை மடியில் கிடத்தி, தம்மையும் அவனையும் பார்த்துப் பார்த்து வரைந்தார். விலங்கைப் போல் தன் குட்டியைக் கவ்விக்கொண்டிருக்கும் தாயின் உருவம் அது. பாரம் தாங்காமல் அவர் முனகியபோது, படம் அழகாகவே வரும் என்று சிறுவன் தேற்றியதாக அவரே பிற்பாடு நினைவுகூர்ந்தார். முன்னறிவிப்பு என்றெல்லாம் நாம் இதற்குப் பொருள் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் பதினோரு ஆண்டுகள் கழித்து, அந்தக் கற்பனையின் நினைவு அவரை எப்படிச் சுட்டிருக்கும் என்பதை எண்ணாமலும் இருக்க முடியவில்லை.

*

1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது பீட்டருக்கு 18 வயது. தொழிலாளர் கட்சி என்று அறியப்பட்ட சமூக ஜனநாயகக் கட்சியே ஆகஸ்ட் 4 அன்று நாடாளுமன்றத்தில் போர்க்கடனுக்கு ஆதரவாக வாக்களித்திருந்தது. தெருவெல்லாம் பூமாலையும் பாட்டுமாக இருந்தது. பீட்டர் தொண்டராகப் படையில் சேர விரும்பினான். அவன் இன்னும் சட்டப்படி உரிய வயதை எட்டாதவன். தந்தையின் ஒப்புதல் வேண்டும்.

ஆகஸ்ட் 10ஆம் நாள் மாலை அவ்வீட்டில் நடந்ததைக் கேத்தே தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். தந்தை மறுத்தார். நாட்டுக்கு இன்னும் நீ தேவைப்படவில்லை, தேவைப்பட்டால் உன் வயதினரை அழைத்திருப்பார்கள் என்று வாதாடினார். தன் வயதினர் தேவையில்லாமல் இருக்கலாம், தான் தேவை என்றான் மகன். பிறகு பேச்சை நிறுத்திவிட்டுத் தாயை நோக்கினான். தனக்காகப் பேசும்படி கெஞ்சிய பார்வை அது. தாய் எழுந்தார். மகனின் பக்கம் நின்று கணவரிடம் வேண்டினார். கார்ல் இணங்கினார்.

விளாட்ஸ்லோவில் நிற்கும் இரண்டு கற்களின் அடித்தளம் இந்தச் சில நிமிடங்களே என்பது நம் எண்ணம். மகனைப் போரில் பறிகொடுத்த தாய்மார் ஐரோப்பா எங்கும் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். தானே பேசி வழியனுப்பிவைத்தவள் என்ற உணர்வைச் சுமந்தவர்களும் அவர்களுள் பலர் இருந்திருக்க வேண்டும். அதை மறைக்காமல் எழுதிவைத்தவர்கள், அதிலிருந்து ஒரு படைப்பை உருவாக்கத் துணிந்தவர்கள் மிகச் சிலரே.

ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூற்றுத் தாயை நாம் அனைவரும் அறிவோம். முன்பு நடந்த போரில் தமையனையும் அண்மையில் நடந்ததில் கணவனையும் இழந்தவள், மீண்டும் போர்ப்பறை ஒலித்ததும் தன் ஒரே மகனின் குடுமியில் எண்ணெய் நீவி, கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள். பாட்டு அந்தக் கணத்தோடு நின்றுவிடுகிறது. அவள் திரும்பி வீட்டுக்குள் சென்றபின் கழித்த நாட்களைப் பற்றி மூதின்முல்லைத் துறைக்கு அக்கறையில்லை. கோல்விட்ஸின் கதை சரியாக அங்கிருந்து தொடங்குகிறது.

பீட்டரின் படைப்பிரிவு 1914 அக்டோபர் மத்தியில் களத்துக்குப் புறப்பட்டது. பத்து நாட்களுக்குள், அக்டோபர் 22க்கும் 23க்கும் இடைப்பட்ட இரவில், டிக்ஸ்மூட நகருக்கு அருகே அவன் சுட்டுக்கொல்லப்பட்டான். போதிய பயிற்சியற்ற இளைஞர்களைக் கொண்டு அவசரமாக உருவாக்கப்பட்ட படைப்பிரிவுகள் அந்த வாரங்களில் ஃபிளாண்டர்ஸில் சூறையாடப்பட்டன. செய்தி அம்மாத இறுதியில் பெர்லினை எட்டியது.

*

டிசம்பர் 1 அன்று நாட்குறிப்பில் முதல் திட்டம் பதிவாகிறது. பீட்டரின் உடல் நீட்டிப் படுத்த நிலையில் இருக்கும். தலைமாட்டில் தந்தை, கால்மாட்டில் தாய். பெர்லினுக்கு வெளியே ஹாஃபெல் ஆற்றை நோக்கிய மேட்டில் அதை நிறுவ வேண்டும். இளம் தொண்டர்களின் உயிர்க்கொடையைப் போற்றுவது அதன் நோக்கம்.

போற்றுவது என்ற சொல்லை நாம் கவனிக்க வேண்டும். மகன் இறந்து ஆறு வாரங்கள்கூட நிறைவடையாத நிலையில் அவர் மனம் பற்றிக்கொண்ட கொழுகொம்பு அது. அவன் சாவுக்கு ஒரு பொருள் இருக்க வேண்டும். அது உயர்ந்த பொருளாக இருக்க வேண்டும். அவனோடு சேர்ந்து தாமும் நம்பி அனுப்பிய ஒன்றைப் பொய்யென்று சொன்னால், அவனை இரண்டாம் முறை கொல்வதாகும். அரசின் போர்ப் பரப்புரை இத்தகைய மனங்களின் மீதுதான் நின்றது. உயிர்ப்பலி கொடுத்தவர்களாலேயே அந்தப் பலியை வீணென்று சொல்ல முடியாது. ஆகவே பலி தொடரும்.

அடுத்த ஆண்டுகளில் இந்தப் பற்றுக்கோடு சிறிது சிறிதாக நழுவிற்று. பீட்டரின் அறையை அப்படியே வைத்திருந்தார், அங்கே பூ வைத்தார், பேசினார். பீட்டரின் நண்பர்கள் விடுப்பில் வரும்போது அவ்வீட்டுக்கு வந்துபோனார்கள். பிறகு அவர்களும் ஒவ்வொருவராக மடிந்தார்கள். 1916 அக்டோபரில் நாட்குறிப்பில் பீட்டரை நேராக விளித்தே கேட்கிறார்: இந்தப் போரில் தமக்கு இப்போது பைத்தியக்காரத்தனம் மட்டுமே தெரிகிறது, அப்படிப் பார்ப்பது அவனுக்கு இழைக்கும் துரோகமாகுமா? ஜெர்மனியில் மட்டுமல்ல, எதிர்த்தரப்பு நாடுகளிலும் இளைஞர்கள் இதே நம்பிக்கையால் ஒருவரையொருவர் கொல்லப் போனார்களே என்ற எண்ணம் அவரை அலைக்கழித்தது.

விடை 1918 அக்டோபரில் வந்தது. தோல்வி உறுதியாகிவிட்ட நிலையில், போரிடத் தகுதியுள்ள அனைவரும் இறுதிப் போருக்குத் தொண்டர்களாகத் திரள வேண்டும் என்று கவிஞர் ரிச்சர்ட் டேமெல் சமூக ஜனநாயகக் கட்சியின் ‘ஃபோர்வேர்ட்ஸ்’ நாளிதழில் அறைகூவல் விடுத்தார். டேமெல் சாதாரணமானவரல்லர்; 1914இல் ஐம்பது வயதில் தாமே தொண்டராகப் படையில் சேர்ந்தவர். அவருக்குக் கோல்விட்ஸ் அதே இதழில் பகிரங்க மறுப்பு எழுதினார். போதுமான அளவு செத்தாயிற்று, இனி ஒருவரும் விழக்கூடாது என்பது அதன் சாரம். கதேயின் நாவலொன்றிலிருந்து, விதைக்கான தானியம் அரைக்கப்படலாகாது என்னும் பொருள்பட்ட தொடரைத் தம் பக்கம் சாட்சிக்கு அழைத்தார். விதைநெல்லைக் குத்தித் தின்பவன் குடி என்னாகும் என்பதை உழவர் மரபில் வந்த நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. மகன் இறந்த அதே அக்டோபர் மாதம், நான்காண்டுகள் கழித்து, ஆகஸ்ட் மாலையில் தாம் சொன்ன சொல்லை அவர் நாடறியத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இதன்பின் பழைய திட்டத்தில் சிற்பம் தொடர இயலாமற் போனதில் வியப்பில்லை. 1919இல் அதைக் கைவிட்டார். திரும்பி வருவேன், உனக்காகவும் மற்றவர்களுக்காகவும் இதைச் செய்வேன் என்று மகனிடம் நாட்குறிப்பில் வாக்களித்துவிட்டே கைவிட்டார். அதே 1919இல் பிரஷ்யக் கலைக் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்துப் பேராசிரியர் பட்டமும் அளித்தது. அக்கழகத்தில் அத்தகைய சிறப்பைப் பெற்ற முதல் பெண் அவர். வெளியுலகப் பெருமைகள் வந்துசேர்ந்த காலத்தில், வீட்டில் செய்து முடிக்க வேண்டிய ஒன்று முடியாமல் கிடந்தது.

*

அடைபட்ட வழியைத் திறந்துவிட்டது மரச்செதுக்கு. சிற்பியும் நாடகாசிரியருமான எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்கு அச்சுகளை 1920இல் பார்த்தபின், தமக்கு வேண்டிய ஊடகம் இதுவே என்று கண்டுகொண்டார். நுணுக்கமான கோடுகளுக்கு இடமில்லாத, கறுப்பும் வெளுப்புமாக வெட்டிச் சொல்லும் கலை அது. ஏழு தாள்கள் கொண்ட ‘போர்’ தொடர் 1920களின் தொடக்கத்தில் இவ்வாறு உருவாயிற்று. முதல் தாளில் ஒரு தாய் தன் சிசுவை உயரத் தூக்கி, படையலாக நீட்டுகிறாள். இரண்டாவதில் சாவு முரசடித்துக்கொண்டு முன்செல்ல, இளைஞர்கள் மயக்கமுற்ற முகங்களோடு பின்தொடர்கிறார்கள். சாவுக்கு மிக அருகில் இருப்பவன் பீட்டர். ஏழு தாள்களிலும் எதிரி தென்படுவதில்லை, போர்க்களமே இல்லை. பெற்றோர், விதவைகள், தாய்மார், மக்கள் என்று பின்னால் தங்கிவிட்டவர்கள்தான் இருக்கிறார்கள்.

அத்தொடரின் மூன்றாவது தாள் ‘பெற்றோர்’. தந்தை ஒரு கையால் முகத்தை மூடியிருக்க, தாய் அவருக்குள் குனிந்து புதைந்திருக்கிறாள். இருவரும் ஒரே கரிய குவியலாகி, எது யாருடைய கை என்று பிரித்தறிய முடியாதபடி கலந்துவிட்டிருக்கிறார்கள். சில ஆண்டுகளில் கல்லுக்கு வரும்போது அதே இருவரும் பிரிந்து, தனித்தனிப் பீடங்களில், நடுவே வெளியோடு இருக்கிறார்கள். இந்த மாற்றத்தை நாம் இலேசாகக் கடந்துவிடக் கூடாது. அழுகையில் இருவர் ஒன்றாகலாம். 1914 ஆகஸ்ட் மாலையில் மறுத்தவர் ஒருவர், வேண்டியவர் மற்றவர். அந்த வேறுபாட்டைக் கல் மறைக்க மறுக்கிறது என்று நாம் வாசிக்கிறோம். இப்படிப் பொருள் கொள்வது நம் துணிபே. சிற்பி இதை எங்கும் விளக்கிச் சொன்னதாக நாம் கூற வரவில்லை. ஆயினும் தம்மைத் தாமே பிடித்துக்கொண்டு நிமிர்ந்திருக்கும் தந்தையையும், தரையை நோக்கிக் கவிந்துவிட்ட தாயையும் அருகருகே பார்க்கும்போது வேறெதுவும் தோன்றவில்லை.

1920களின் நடுவில் அவர் மீண்டும் களிமண்ணைத் தொட்டார். இப்போது செய்த முதல் காரியம் மகனை எடுத்துவிட்டது. படுத்திருந்த பீட்டர் சிற்பத்திலிருந்து நீங்கினான். அவனை நடுவில் வைத்தால் பார்ப்பவரின் கண் அவன் அழகிய உடலில் தங்கும். சாவு மீண்டும் கவர்ச்சி பெறும். அவனை நீக்கியவுடன் சின்னத்தின் பொருள் முழுவதுமாகத் திரும்பிவிடுகிறது. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நின்று மகனை உலகுக்குக் காட்டியிருக்க வேண்டிய பெற்றோர், இப்போது உண்மையான கல்லறைகளின் முன்னே மண்டியிடுகிறார்கள். முதல் திட்டம் மேட்டின்மீது ஏற்றிவைக்கப்பட்ட பெருமிதம். முடிவான வடிவம் மன்னிப்புக் கேட்பது. ஒரு தலைமுறை தன் பிள்ளைகளின் தலைமுறையிடம் கேட்கும் மன்னிப்பு என்று அதை விரித்தும் சொல்லலாம்.

1926 ஜூனில் கேத்தேயும் கார்லும் முதன்முறையாகப் பீட்டர் கிடந்த ரோகவெல்டே கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றார்கள். அன்று அது எளிய சிலுவைகள் நிறைந்த சிறிய இடம். உருவங்கள் எங்கே நிற்க வேண்டும், சிலுவைகள் அவற்றின் முன் எப்படி விரிந்திருக்க வேண்டும் என்பதை அங்கே நின்று பார்த்தபோது தெளிவு பிறந்தது. முகங்கள் யாருடையவை என்பதும் பின்னர் முடிவாயிற்று. பொதுமுகம் ஒன்றைக் கொடுத்துத் தப்பித்துக்கொள்ள அவர் விரும்பவில்லை.

*

சுதை வடிவங்கள் 1931இல் கலைக் கழகத்தின் கண்காட்சியில் வைக்கப்பட்டன. பிறகு பெல்ஜியக் கல்லில் அவற்றை வடிக்கும் பணி. தந்தையை அவுகுஸ்ட் ராடெஸும் தாயை ஃப்ரிட்ஸ் டீடெரிக்கும் செதுக்கினார்கள். 1932 கோடையில் பெர்லின் தேசியக் கலைக்கூடத்தின் முன்மண்டபத்தில் சில காலம் காட்சிக்கு இருந்தபின் உருவங்கள் பெல்ஜியம் சென்றன. ஜூலையில் ரோகவெல்டேயில் நிறுவப்பட்டன.

அந்த ஜூலை எத்தகையது என்பதை வரலாற்று வாசகர்கள் அறிவார்கள். மாத இறுதியில் நடந்த தேர்தலில் நாஜிக் கட்சி நாடாளுமன்றத்தின் தனிப்பெரும் கட்சியாயிற்று. இடதுசாரிக் கட்சிகள் இரண்டும் ஒன்றுபட்டு அதைத் தடுக்க வேண்டுமென்ற வேண்டுகோளில் ஐன்ஸ்டைன் முதலானோருடன் கோல்விட்ஸ் தம்பதியரும் அதே கோடையில் கையெழுத்திட்டிருந்தார்கள். மற்றொரு தற்செயலையும் இங்கே சொல்ல வேண்டும். ரோகவெல்டேயிலிருந்து அதிகத் தொலைவில்லாத லாங்கமார்க்கில் ஜெர்மானியப் போர்வீரர் கல்லறைத் தோட்டம் அதே ஜூலை மாதம் திறந்துவைக்கப்பட்டது. 1914 இலையுதிர்காலத்தில் இளம் தொண்டர்கள் பாடிக்கொண்டே சாவை எதிர்கொண்டார்கள் என்ற தொன்மம் லாங்கமார்க்கின் பெயரால் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் வளர்க்கப்பட்டு வந்தது. நாஜிகள் அதைத் தமதாக்கிக்கொண்டனர். 1940இல் ஹிட்லர் அங்கே சென்றார். பீட்டரும் அந்தத் தலைமுறையினன். அதே வாரங்களில் அதே மண்ணில் விழுந்தவன். அவனைப் போன்றவர்களைக் கொண்டு புதிய இளைஞர்களைப் பலிக்கு ஆயத்தம் செய்தார்கள். அதற்கு எதிராக அவன் தாய் வைத்த மறுப்பு, அந்தச் சமவெளியிலேயே, ஓசையின்றி மண்டியிட்டிருந்தது.

நிறுவிய பின் பெர்லின் திரும்புமுன் கேத்தே மீண்டும் ஒருமுறை உருவங்களின் முன் சென்று நின்றதைப் பதிவுசெய்திருக்கிறார். கல்லில் இருந்த தம் முகத்தையே பார்த்து அழுதார். அதன் கன்னங்களைத் தடவிக்கொடுத்தார். கார்ல் அவருக்குப் பின்னால் நெருங்கி நின்றிருந்தார். கல்லில் பிரித்துவைத்த இருவர், வாழ்வில் அப்போது ஒருவர்பின் ஒருவராக ஒரே இடத்தில் நின்றார்கள்.

*

எஞ்சியதை விரைந்து சொல்லிவிடலாம். 1933இல் நாஜி ஆட்சி வந்தவுடன் கலைக் கழகத்திலிருந்து விலக அவர் கட்டாயப்படுத்தப்பட்டார். 1936இல் ரகசியப் போலீசார் வீட்டுக்கு வந்து விசாரித்து, வதைமுகாமைக் காட்டி மிரட்டினர். அவர் படைப்புகள் காட்சிக்கு வராமல் மறைக்கப்பட்டன. 1940இல் கார்ல் இறந்தார். மூத்த மகன் ஹான்ஸ் தன் பிள்ளைக்குத் தம்பியின் பெயரை வைத்திருந்தார். அந்தப் பேரன் பீட்டர் 1942 செப்டம்பரில் ரஷ்யப் போர்முனையில், ர்ஷேவ் பகுதியில் கொல்லப்பட்டான். ஒரே பெயரை ஒரே குடும்பம் இரண்டு போர்களுக்குக் கொடுத்தது.

அந்த 1942ஆம் ஆண்டில்தான் அவர் தம் கடைசிக் கல்லச்சு ஓவியத்தைச் செய்தார். விதைத் தானியத்தைப் பற்றிய அந்தக் கதே தொடரே அதன் தலைப்பு. முதிய தாயொருத்தி தன் மேலங்கிக்குள் மூன்று சிறுவர்களை அணைத்து வைத்திருக்கிறாள். பையன்கள் துறுதுறுவென்று வெளியே எட்டிப் பார்க்கிறார்கள்; போக வேண்டுமென்று துடிக்கிறார்கள். அவள் பெரிய கைகள் அவர்களை விடவில்லை. 1914இல் மகனின் கெஞ்சும் பார்வைக்கு இணங்கி எழுந்த பெண், 28 ஆண்டுகள் கழித்து, அந்தப் பார்வைக்கு இணங்காத ஒருத்தியை வரைந்தாள்.

1943 நவம்பரில் பெர்லின் வீடு குண்டுவீச்சில் அழிந்தது. 1945 ஏப்ரல் 22 அன்று, போர் முடிவதற்குப் பதினாறு நாட்களுக்கு முன்னர், டிரெஸ்டனை அடுத்த மொரிட்ஸ்பர்கில் அவர் காலமானார்.

1950களில் பெல்ஜியத்தில் சிதறிக் கிடந்த ஜெர்மானியக் கல்லறைகளை ஒருங்கிணைத்தபோது, ரோகவெல்டேயில் இருந்தவர்கள் விளாட்ஸ்லோவுக்கு மாற்றப்பட்டார்கள். பெற்றோரும் மகனோடு சென்றார்கள். கொலோன் நகரில், குண்டுவீச்சில் கூரை இழந்து இடிபாடாகவே காக்கப்படும் புனித ஆல்பன் தேவாலயத்தில் இவ்வுருவங்களின் நகல் இருக்கிறது. பேரன் மடிந்த ர்ஷேவில் உள்ள ஜெர்மானியக் கல்லறைத் தோட்டத்திலும் 2014இல் நகல்கள் நிறுவப்பட்டன.

அவருடைய மற்றொரு சிற்பம் வேறுவிதமான புகழைப் பெற்றது. இறந்த மகனை மடியில் தாங்கிய தாயின் சிறிய உருவம் ஒன்றை 1937க்கும் 1939க்கும் இடையில் அவர் செய்திருந்தார். உயரம் 38 சென்டிமீட்டர். ஜெர்மனி ஒன்றிணைந்தபின், 1993இல், பெர்லினின் ‘நோயே வாகே’ மண்டபத்தை நாட்டின் மைய நினைவிடமாக அறிவித்தபோது, அவ்வுருவத்தை ஏறக்குறைய நான்கு மடங்காகப் பெருக்கி நடுவில் வைத்தார்கள். போருக்கும் கொடுங்கோன்மைக்கும் பலியானோர் அனைவருக்குமான சின்னம் என்றார்கள். எதிர்ப்பு எழுந்தது. கிறித்தவ மரபின் பியேத்தா வடிவம் கொல்லப்பட்ட யூதர்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டார்கள். மகனை இழந்த தாய் இருக்கிறாள், கொல்லப்பட்ட பெண்கள் எங்கே என்று வரலாற்றறிஞர் ரைன்ஹார்ட் கோசெலெக் வினவினார். கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒரே துயரத்தின் நிழலில் சமமாகிவிடவில்லையா என்பது எல்லாவற்றிலும் கூர்மையான கேள்வி. பிறகு பலியானோர் பிரிவுகளைத் தனித்தனியே குறிப்பிடும் பலகை நுழைவாயிலில் வைக்கப்பட்டது.

இவ்வினாக்களில் நியாயம் உண்டு என்றே நாம் கருதுகிறோம். பழி சிற்பியுடையதன்று, கைக்கு அடக்கமான ஒரு தனித்துயரத்தை அரசு தன் தேவைக்காகப் பெருக்கிக்கொண்டது. யார் அனுப்பியது, யார் ஒப்புக்கொண்டது என்ற கேள்வி அந்த மண்டபத்தின் பொதுத்துயரத்தில் கரைந்துபோகிறது. விளாட்ஸ்லோவில் அது கரைவதில்லை. அங்கே முகங்களுக்குப் பெயர் உண்டு. கல்லறைக்குப் பெயர் உண்டு. ஒரு மாலைப்பொழுதில் சொல்லப்பட்ட சொல்லுக்குப் பொறுப்பேற்றவர் உண்டு. அப்பெண் உலகத் தாய் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளவில்லை. பீட்டரின் தாயாகவே, அவனை அனுப்பியவராகவே மண்டியிட்டார். மற்றத் தாய்மார்க்கும் அங்கே இடம் கிடைப்பது அதனால்தான்.

போருக்கான சின்னங்களை எழுப்புகிறவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். மாண்டவர்களின் பெயர்கள் அவற்றில் தவறாமல் பொறிக்கப்படுகின்றன. அனுப்பியவர்கள் தம் முகத்தைத் தாமே செதுக்கி, அந்தப் பெயர்களுக்கு முன்னால் மண்டியிட வைத்த சின்னம் என்று நமக்குச் சொல்லத் தெரிவது இது ஒன்றுதான்.